கால் நனையாதவள்

ஆறு உடைத்துக்கொண்டு வந்து என் ஓரகத்தியின் வீட்டை அடித்துக்கொண்டு போனதிலிருந்து, எல்லோர் கண்ணுக்கும் அவள் ஒருத்திதான் தெரிகிறாள். நாலு வீடு தள்ளி, மேட்டில் இருந்த என் வீடு நின்றுவிட்டது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

அவளும் கொழுந்தனும் இப்போது எங்கள் வீட்டில்தான். விசாரிக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருத்தி புடவை கொண்டுவந்தாள், ஒருத்தி போர்வை. எனக்குக் கிடைத்தது டீ போடும் வேலை. "நீ கொடுத்து வச்சவம்மா, ஒரு செங்கல்கூட அசையல" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்த கையோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. வீடு போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பிறவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் வெள்ளம் வந்த அன்று இந்த மகராசி ஊரிலேயே இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாய் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கால் விரல்கூட நனையவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொள்ள, மொட்டை மாடியில் தன்னந்தனியாக நின்றவள் நான். அதை ஒருத்தராவது கேட்டார்களா?

எனக்குச் சலவைக் கடையில் வேலை. மெஷினில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டால் இப்போது துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுகிறேன். முதலாளியிடம் கெஞ்சி இஸ்திரி மேசைக்கு மாறிக்கொண்டேன். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அரிசி டின்னைத் தூக்கிப் பரணில் வைக்கிறேன், வந்ததும் இறக்குகிறேன். "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வெயில் மண்டையப் பொளக்குது" என்கிறார் வீட்டுக்காரர். அவள் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், விசிறியோடு நாலு பேர் ஓடுகிறார்கள்.

நேற்றும் அப்படித்தான். "பாவம், அவளுக்கு மனசே சரியில்ல. நீ கொஞ்சம் பக்கத்துல உக்காந்து பேசேன்" என்றார் வீட்டுக்காரர் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டின்னை இறக்கப் போனேன். அவள் பின்னாலேயே வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு."

"இருக்காதா பின்னே? என் வீடு நிக்குதே."

"அதில்லக்கா. நீங்க பாத்தீங்க, நான் பாக்கல. பூட்டிட்டுப் போனேன், வந்து பாத்தா வெறும் தரை. எப்படிப் போச்சுன்னு எல்லாரும் என்கிட்டயே கேக்குறாங்க. எனக்கென்ன தெரியும்? செத்தவங்க முகத்தப் பாக்காத மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்கக்கா."

யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை நாளும் தவித்தேன். கடைசியில் கேட்டவள் இவள். டின்னைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.

"மொதல்ல சமையக்கட்டுச் செவுரு சாஞ்சுது. அப்புறம் கூரை" என்றேன். அதற்கு மேல் முடியாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சாயங்கால பஸ்ஸுன்னுதானேடி சொன்ன? காலைலயே கிளம்பிட்டேன்னு எனக்கு யாரு சொன்னா? நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சு, கூரை முழுகுற வரைக்கும் உன்னையே கூப்பிட்டுக் கத்திக்கிட்டிருந்தேன்டி."