வாங்குகிற ஆள்

வலது தோளில் சட்டை உரசினாலே கொத்தனாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி பூசியதில் வந்த வலி. பஸ் டிப்போவின் பின்சுவர் தெருவை ஒட்டி நீளமாகக் கிடந்தது. உப்புப் பூத்துப் பொரிந்திருந்த பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, புதிதாகப் பூசி, மட்டக்கட்டை இழுத்து, வெள்ளையும் அடித்துக் கொடுத்திருந்தார். காசு வாங்கவில்லை. சும்மா ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் என்பதால் தெருவே ஆச்சரியப்பட்டது. "கொத்தனாருக்கு என்ன ஆச்சு?" என்று வெல்டர் நாலு பேரிடம் கேட்டுவிட்டு ஐந்தாவதாக அவரிடமே வந்து கேட்டான். அவர் கரண்டியைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

இன்று விழா. தெருச் சங்கம் அதற்கு 'கொடுக்கிற தெரு' என்று பெயர் வைத்திருந்தது. ராத்திரியில் பிரசவ வலி கண்டவர்களை வண்டியில் ஏற்றிப்போகிற லாரிக்காரர், பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லித்தருகிற டீச்சர், அடைத்துக்கொண்ட சாக்கடையில் இறங்கிக் குத்துகிற வெல்டர் என்று அடுத்தவருக்காக உடம்பு வளைத்தவர்களையெல்லாம் சுவரில் வரைந்து வைப்பது என்று ஏற்பாடு. படம் போட வந்த பெண்ணின் முறை எளிது. சாயங்கால வெயில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புகுந்து சுவர்மேல் நேராக விழும். ஆட்களை வரிசையாக, பக்கவாட்டில் நிறுத்தி, சுவரில் விழுகிற நிழலைக் கரித்துண்டால் சுற்றி வரைந்துகொள்வாள். பிறகு தெருக்காரர்களே வண்ணம் நிரப்புவார்கள். முதல் ஆளிலிருந்து பாத்திரம் கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசி ஆளிடம் சேர்கிற மாதிரி படம். வெயில் போவதற்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் நிழல் நீண்டு எல்லோருக்கும் கொக்குக்கால் முளைத்துவிடும்.

கொத்தனாரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். நிரவலாக இருந்த இடத்தையே மறுபடி தடவினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் தண்ணீர் வேண்டுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். "நீங்க முதல்ல உக்காருங்க. பாக்கற எனக்கே தலை சுத்துது," என்றாள் அவள், கைத்தடியை மடியில் குறுக்காக வைத்தபடி.

போன மழைக்காலத்தில் படியில் வழுக்கி அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. கொத்தனார் அப்போது தொலைவில் ஒரு பாலத்து வேலையில் இருந்தார். விட்டுவிட்டு வந்தால் மேஸ்திரி அடுத்த வேளையே வேறு ஆளைப் போட்டுவிடுவான், அடுப்பு எரியாது. மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிற லாண்டரியக்காவை யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை முடித்து, அந்த வாசனையோடு நேராக இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள். படுத்த ஆளை எழுப்பாமலே கீழே கிடக்கிற விரிப்பை உருவி மாற்றத் தெரிந்தவள். துடைத்து, புரட்டி, முதுகில் புண் வராமல் பார்த்து, பெட்பேன் எடுத்துக் கழுவி வைத்து, தன் வீட்டு அடுப்பை அதற்குப் பிறகுதான் பற்றவைப்பாள். ஒரு நாள் சொல்லாமல் ஊர் திரும்பிய கொத்தனார், நடையில் அக்கா பெட்பேனைத் துணியால் மூடி எடுத்துப் போவதைப் பார்த்தார். அக்காதான் சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழி விட்டாள். என்னவோ அவர்தான் பெரிய காரியமாக வந்தது போல. அவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். வாயில் வந்தது, "மழை இன்னும் விடலீங்க" என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். யாரிடமும் கை நீட்டாமல் வளர்ந்தவன் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே சொத்து. அப்பா சுமை தூக்கியவர். பசித்தாலும் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது என்று அடித்து வளர்த்தவர். சுவர் வேலை என்று சங்கச் செயலாளர் வந்து நின்றதும் கொத்தனார் உடனே தலையாட்டியது அதனால்தான். ஒருவரிடம் பட்ட கடனைத் தெருவுக்கு அடைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார். தோள்தான் வீங்கியது.

வரிசை நின்றது. கையில் பாத்திரத்தோடும் புத்தகத்தோடும் மருந்துப் பையோடும் நிழல்கள் சுவரில் ஏறின. படக்காரப் பெண் கரியை ஊதிவிட்டுத் திரும்பினாள்.

"கடைசியில ஒருத்தர் வாங்கணும். ரெண்டு கையையும் இப்படி நீட்டிக்கிட்டு. யார் வர்றீங்க?"

தெரு ஒரு எட்டு பின்வாங்கியது. அதுவரை 'என்னை வரை, என் மச்சானை வரை' என்று இடித்துக்கொண்டிருந்த கூட்டம்.

"வாங்கறதுக்கு ஆளா?" என்றான் வெல்டர். "கடன் தர்றோம்னு மைக்ல சொல்லுங்க, டிப்போ தாண்டி வரிசை நிக்கும்."

சிரித்தார்கள். ஆனால் யாரும் நகரவில்லை. அம்மாக்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சுவரில் அது எத்தனை வருஷம் இருக்கும், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். செயலாளர் கூட்டத்தைத் துழாவியபடி வந்து கொத்தனாரிடம் நின்றார்.

"நீங்க வேணும்னா... உங்க வீட்லதான் போன மழையில..."

"என் வீட்ல என்ன?" என்றார் கொத்தனார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "சுவர் பூசினவன் நான். நான் போய்க் கை நீட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"சும்மா ஒரு படத்துக்குத்தானே..."

"அப்ப நீங்க நில்லுங்க."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் கைத்தடி தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. மனைவி எழுந்துகொண்டிருந்தாள்.

"நான் நிக்கறேன்," என்றாள். "வாங்கினவதானே நான்."

கொத்தனார் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "அவ்வளவு நேரம் நின்னா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? உக்காரு." மற்றவர்களுக்கு அது அக்கறையாகத்தான் கேட்டிருக்கும். மனைவி, தோளில் கிடந்த அவர் கையை, ஒட்டிக்கொண்ட சாந்தை எடுக்கிற மாதிரி எடுத்துக் கீழே விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் லாண்டரியக்கா வேலையிலிருந்து வந்தாள். தோளில் பை, சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை, வெந்து வெளுத்த விரல்கள்.

"என்ன, கூட்டமா நின்னு முழிக்கிறீங்க?"

"வாங்கற ஆள் அகப்படலக்கா," என்றான் வெல்டர். "தெருவுல எல்லாருமே வள்ளலாப் போயிட்டாங்க."

"நல்ல தெருடா. தள்ளு, நான் நிக்கறேன். கைதானே, நீட்டினா தேஞ்சா போயிடும்?"

படக்காரப் பெண் பதறினாள். "அக்கா, உங்களுக்கு முதல் இடம் விட்டு வச்சிருக்கேன். உங்களைப் பத்திச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

"அதுல செயலாளரை நிறுத்து. தொந்திக்கு நிழல் நல்லா விழும். வெயில் போகுதும்மா, வரை."

செயலாளர் வயிற்றை எக்கிக்கொண்டு சந்தோஷமாகவே போய் நின்றார். கடைசிப் பாத்திரத்தைக் கொடுப்பதற்கு ஆள் வேண்டுமே என்றதும், சுவர் பூசினவரே கொடுக்கட்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நாலைந்து கைகள் முதுகில் பட்டன. கொத்தனார் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கான வார்த்தையைத் தேடுவதற்குள் அலுமினியப் பாத்திரம் கைக்கு வந்துவிட்டது, அக்கா எதிரில் நின்றுவிட்டாள். அவர் பாத்திரத்தைத் தூக்கினார். அக்கா இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழே ஏந்தினாள். கைதட்டினார்கள்.

தோள் நடுங்கியது. பாத்திரம் காலிதான், ஆனாலும் கல்லாகக் கனத்தது.

"வலிக்குதா?" என்று அக்கா உதடு அசையாமல் கேட்டாள். "கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்குங்க." கரித்துண்டு சுவரில் கிறீச்சிட்டது. சற்றுக் கழித்து மறுபடி அதே தாழ்ந்த குரல். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வர்ற திங்கக்கிழமை எனக்குக் கண்ணுல ஆபரேஷன். ராத்திரி கூட இருக்க ஒரு ஆள் வேணுங்கறாங்க. ஆள் இல்லாமத்தான் ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. அந்த இடுப்போட உங்க வீட்டுத் தங்கச்சியால முடியாது, தெரியும். நீங்க வார்டுக்கு வெளிய உக்காந்திருந்தாப் போதும். முடிஞ்சாப் பாருங்க. இல்லன்னாலும் ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை புது இடத்தில் கான்கிரீட். போகாவிட்டால் அந்த வேலை போயிற்று. ஆனால் அவரைக் குடைந்தது அதுவல்ல. கடன்காரி மாதிரி வந்து, 'உன் பெண்டாட்டிக்கு நான் செய்யலையா, எழுந்து வாடா' என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சரி என்றிருப்பார். இவளோ பாத்தியதை இல்லாதவள் மாதிரி, கொடுத்ததெல்லாம் மறந்துபோனவள் மாதிரி கேட்கிறாள். அவர் வாயைத் திறந்தார்.

"கொத்தனாரே, தாடை ஆடுது. பேசாதீங்க, கோடு கெட்டுப்போகும்," என்றாள் படக்காரப் பெண்.

அவர் வாயை மூடிக்கொண்டார். மூடச் சொன்னதற்காக அந்தப் பெண்ணிடம் ஒரு நன்றிகூடத் தோன்றியது.

வரைந்து முடித்ததும் கூட்டம் தூரிகைகளைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் மொய்த்தது. லாண்டரியக்கா கைகளை உதறிக்கொண்டாள், பையை எடுத்தாள், "காலைல ஷிப்ட்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுப் படியேறிப் போய்விட்டாள். பதிலுக்காக நின்று பார்க்கவில்லை. அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். வெல்டர் குறுக்கே வந்து ஒரு வண்ண டப்பாவைக் கையில் திணித்தான்.

மனைவி தடியை ஊன்றி வந்து சுவரின் கடைசியில் நின்றாள். சின்னத் தூரிகையைத் தோய்த்து, வேறு எதையும் தொடாமல், ஏந்திய அந்தக் கைகளுக்குள் மட்டும் வண்ணம் நிரப்ப ஆரம்பித்தாள்.

"காதுல என்னவோ சொன்னாங்களே, என்ன?"

"தோள் வலிக்குதான்னு கேட்டாங்க."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு விரல்களுக்கு நடுவே விட்டுப்போன வெள்ளையை அடைத்தாள்.

"கொத்தனாரே, உங்க படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ!" வெல்டர் போனைத் தூக்கினான். அவர் நின்றார். பூச்சு இன்னும் வண்ணத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆளைவிடப் பெரிதாக, கை தாழாமல் அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். லாண்டரியக்கா குனிந்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் அள்ளிக் கொட்டிய மலமூத்திரத்துக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு ராத்திரி பாக்கி. அதை அவள் கேட்டும்விட்டாள். அவர் இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை.