புளியங்கொட்டைக் கோடு

1956 மார்ச். பர்கூர்க் களத்தில் புளி காயவைப்பது என் வேலை. என்னிடம் கடிகாரம் கிடையாது. களத்து நடுவில் ஒரு குச்சி நட்டு, புளியைப் புரட்டும்போதெல்லாம் அதன் நிழல் நுனியில் ஒரு புளியங்கொட்டை வைப்பேன். மாசி மூன்றாம் வாரம் வரை அந்தக் கொட்டைகள் மாலையில் பிறைபோல் வளைந்து கிடந்தன.

பிறகு பதினைந்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். திரும்பி வந்த அன்றும் காலையிலிருந்து கொட்டை வைத்தேன். மாலையில் பார்த்தால், நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன.

பக்கத்தில் ரோட்டுக்கு அளந்துகொண்டிருந்த சர்வே ஆள் கிருஷ்ணப்பன்மேல் பாய்ந்தேன்.

"நான் வச்சதை எதுக்குங்க நகத்துனீங்க? வேற வேலை இல்லையா?"

"நான் இந்தப் பக்கமே வரலீங்க, காத்தூனம்மா."

தன் கயிற்றை இழுத்துப் பிடித்து வைத்துப் பார்த்தார். ஒரு கொட்டைகூட விலகவில்லை. அவர் குரல் தணிந்தது.

"இன்னிக்குப் பகலும் ராத்திரியும் சமம். சம இரவு நாளாம். சூரியன் நேர் கெழக்கே மொளச்சு நேர் மேற்கே விழும், அதனால நெழல் நுனியும் நேர்கோட்டுலயே போகும்னு எஞ்சினியர் சொன்னாருங்க. இப்பத்தான் கண்ணால பாக்கறேன்."

"பர்கூர்ல மட்டுமா?"

"ஒலகம் பூராங்க."

"மக்காவுலயுமா?"

"அங்க ஒரு குச்சி நட்டாலும் இதே கோடுதான்."

மக்காவில் விழும் அதே கோடு என் காலடியில் கிடந்தது. புளியை அள்ள அந்தப் பக்கம் போகவேண்டும். கோட்டைத் தாண்டக் கால் வரவில்லை. களத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். கிருஷ்ணப்பனும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னாலேயே சுற்றி வந்தார்.