பள்ளப்படி

கில்டோரன் கோட்டையின் சுழல்படிக்கட்டில் மேலிருந்து ஒன்பதாவது படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு ஆழம். தெரியாதவன் ஓடி வந்தால் கழுத்து முறியட்டும் என்று ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வேண்டுமென்றே கட்டியது. அந்தப் பள்ளப்படி இப்போது இல்லை. திங்கட்கிழமை கொத்தனாரை வைத்து, நடுவில் ஒரு கல்லைப் பதித்துச் சமமாக்கிவிட்டாள் எல்ஸ்பெத். அவள் புருஷன் ஃபெர்கஸ்தான் கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவன். அன்று பல் பிடுங்க கிளாஸ்கோ போயிருந்தான்.

வேறென்ன செய்வாள், பாவம்? போன கோடையில் ஒரு பயணியின் கால் முறிந்தது. இன்னொருவர் விழுந்தால் கோட்டைக்குப் பூட்டுதான் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஃபெர்கஸோ, "அந்தப் படியில எவனாவது கைவெச்சா நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்று குதித்தான். சாப்பாடு ஆகட்டும், விடியட்டும் என்று நாலு நாளாக அவளும் சொல்லாமல் இழுத்தடித்தாள். வாரமெல்லாம் மழை, பயணிகளும் இல்லை, அவனும் கோட்டைப் பக்கம் போகவில்லை. இன்று அவள் ரொட்டி வாங்கப் போன நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்து நின்றுவிட்டது.

அவள் மூச்சிரைக்கக் கோபுரத்துக்குள் நுழைந்தபோது, படிக்கட்டின் அடியில் இருட்டில் இருபது பேர் நின்றார்கள். ஃபெர்கஸ் வெளிப்பக்க இரும்பு ஏணி வழியாக மேலே ஏறிவிட்டிருந்தான். கோட்டையின் பழங்கதையைச் சொல்லும் அவன் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"மதில் ஏறிக் குதிச்சவன் யாரு? அன்னிக்கு இந்தக் கோட்டையில இருந்த எஜமானியோட கூடப்பிறந்த அண்ணன்! மச்சானை வெட்ட வாளோட வர்றான். கீழே, நீங்க நிக்கிற அதே இடத்துல அவ நிக்கிறா. படியைப் பத்தி அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் பிழைப்பான், புருஷன் சாவான். சொன்னாளா? வாயே திறக்கல!"

அடுத்து என்ன என்பது எல்ஸ்பெத்துக்கு மனப்பாடம். ஃபெர்கஸ் அந்த அண்ணனாக நடித்து விளக்கில்லாமல் ஓடி வருவான், எட்டாம் படியிலிருந்து பள்ளத்துக்குத் தாவுவான், கூட்டத்தின் முன்னால் வந்து குதிப்பான். இருபது வருஷப் பழக்கம். கண்ணே வேண்டாம், காலுக்குத் தெரியும்.

பூட்ஸ் சத்தம் கிளம்பியது. ஒன்று, இரண்டு. படியைச் சமமாக்கிட்டேன்; இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னாலா? ஐயோ, எப்படிக் கத்துவான்! நாலு, ஐந்து.

"ஃபெர்கஸ்! நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல!"

ஓட்டத்தை நிறுத்தாமலே அவன் சிரித்தான். "கேட்டீங்களா? அந்த மகராசி வாயைத் திறக்கல. எனக்கு வாய்ச்சவ மூடவே மாட்டா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பள்ளம் இல்லடா, பள்ளம்..." என்று அவள் அலறியது யார் காதிலும் ஏறவில்லை.

சிரித்தவர்கள் ஓய்வதற்குள், பள்ளத்துக்குத் தாவிய கால் புதுக் கல்லில் இடறி, அவன் உருண்டு வந்து அவள் காலடியில் விழுந்தான். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"நான்தான் சமமாக்கினேன்," என்று அப்போதுதான் அவள் முழுசாகச் சொன்னாள். அவன் கத்தவில்லை.