வறுத்த சோடா

ஆறு வருடமாக பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் கிடந்த பிலிம் சுருளை நான்தான் வெளியே எடுத்தேன். பிரிட்ஜ் வெள்ளிக்கிழமையே உயிரை விட்டிருந்தது. வருகிறேன் என்ற மெக்கானிக்கைக் காணோம். இந்தப் புழுக்கத்தில் கிடந்தால் பிலிம் பாழாகிவிடும்.

அதில் எங்கள் பெண் இருக்கிறாள். உயிரில்லாமல் பிறந்தவள். அப்போது நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது அடக்கம்வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். பிறந்ததும் படம் எடுக்கலாமென்று கேமராவோடு வந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும்தான் அவளைப் பார்த்தவர். "உன் மூக்கு. நெத்தி மட்டும் என்னோடது" என்பார். எப்போது கேட்டாலும் அதேதான், ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

ஸ்டுடியோவில் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. எவனோ ஒருவன் பாட்டு கேட்டுக்கொண்டே என் பெண்ணை கிளிப் போட்டுத் தொங்கவிடுவானா? இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை, இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலேயே பிலிமைக் கழுவிப் படம் வரவைக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். சொன்னதோடு சரி. இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு வருடம் ஓட்டினார். பாவம், மனசு தாங்காது என்று நானும் விட்டுப்பிடித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. வாரம் முழுக்க ஹோட்டல் சலவைப் பிரிவில் ஊரார் படுத்த விரிப்புகளை அலசி எனக்கு இடுப்பு கழன்றிருந்தது. லிப்ட் ரிப்பேர் பார்க்கும் அவருக்கு முழங்கால் போயிருந்தது. ஆளுக்கொரு மூலையில் படுக்க வேண்டியவர்கள்தான். இருந்தாலும் அவரைக் கடைக்கு விரட்டினேன்.

சோடாவோடு வந்தார். ஈர விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது. சலவை சோடா தண்ணீர் பட்டால் வழுக்கும், இது மாவு மாதிரி கிடந்தது.

"இது சமையல் சோடாங்க."

"எல்லாம் சோடாதானே?"

"இத போட்டா படம் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம். எனக்கும் கால் வலிக்குது."

"எனக்கு மட்டும் நோகலயா? உக்காருங்க."

வாணலியை அடுப்பில் வைத்தேன். ஹோட்டலில் சலவை சோடா தீர்ந்துபோனால் சமையல்கட்டிலிருந்து இதை வாங்கி வறுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். சூடேறியதும் தூள், பால் கொதிப்பதுபோலத் தளதளத்து, பிறகு ஆவியடங்கிப் படிந்தது. இப்போது ஈர விரலால் தொட்டால் வழுக்கியது. திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. பயம் என்று நினைத்தேன், பயம்தான்.

குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்து, இருட்டில் சுருளைத் தடவித் தடவி வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் ஏற்றினார். சோடாவையும் மாத்திரைப் பொடியையும் கரைத்துக் கடைசியாகக் காபித்தூளைப் போட்டேன். வந்த நாற்றத்துக்கு நாய்கூட வாசலில் நிற்காது. கால் மணி நேரம் மாறி மாறி டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினோம். என் கை ஓய்ந்தால் அவர் வாங்கிக்கொள்வார். அதைக் கொட்டிவிட்டு, படம் அழியாமல் நிற்க அவர் எப்போதோ வாங்கி வைத்திருந்த ஹைப்போவை ஊற்றி, அலசி, சுருளை வெளியே எடுத்தோம்.

படம் வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் நான், வாயும் வயிறுமாக. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல். கடைசியில் மூன்று படம். மூன்றிலும் மேஜைமேல் ஒரு துணிமூட்டை. வெள்ளைத் துணி நெகட்டிவில் கறுப்பாக, தலையோடு காலாக மூடி.

"முகம் எங்க?"

அவர் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"துணிய விலக்க கை வரல."

"அப்ப மூக்கு?"

"நீ சாப்பிடாம கெடந்தே. என்னவாவது சொல்லணும்னு சொன்னேன். அப்புறம் எப்படி மாத்துறது?"

கோபம் வந்தது. கத்தத் தெம்பில்லாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பார்க்காதவள் நான் ஒருத்திதான், பார்த்த ஒருவர் என் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்ற ஆறுதலில்தான் ஆறு வருடம் தூங்கியிருக்கிறேன்.

"யாருமே பாக்கலயா அவள?"

"துணி சுத்துன நர்ஸ் பாத்திருப்பாங்க."

"எந்த நர்ஸ்?"

அது அவருக்கும் தெரியவில்லை.