குருவிச் சட்டி

இராசமலருக்கு மனிதரை விடக் குருவிகளோடுதான் ஒட்டு. தபால் கந்தோரில் இருந்த காலமெல்லாம் மனித முகம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பாள். ஓய்வு பெற்றபின் ஓர்ஸ் ஹில் குன்றின் சரிவில் தனியே இருந்தவளுக்கு, வேப்பமரத்தடியில் உட்கார ஒரு கதிரையும் கையில் தேத்தண்ணியும் போதும். மாரி தொடங்கி ஆறுமணிக்குருவி கடல் தாண்டிக் களைத்துப்போய் வந்து இறங்கினால், பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்த வளவில் இடமில்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரத்தடியில் அகலமான மண்சட்டி வைத்து, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் நிரப்புவாள். புலுனிக் குருவிகள் கூட்டமாய் வந்து சந்தை இரைச்சல் போடும். கொண்டைக்குருவி சட்டிக்குள் இறங்கிக் குளித்து அவள் சேலையையும் நனைக்கும். அவளுக்கு வேறு திருவிழா வேண்டாம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கச்சான் காலத்தில் மறுபடி சண்டை மூண்டது. வெருகல் பக்கம் ஒரு மதகை மூடித் தண்ணீரை மறித்ததில்தான் அது தொடங்கியது. "வாயில்லாப் பயிருக்குப் போற தண்ணியை மறிக்கிறவன் மனுசனே?" என்று கடைவாசலில் நின்று இராசமலர் வாய் கிழியப் பேசினாள். பேச்சுக்கு வரி கிடையாதே.

ஓகஸ்டில் மூதூரில் ஷெல் விழுந்தது. ஓடிவந்த சனத்தில் சில குடும்பங்கள் அவள் வளவுக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கின. நடுவில் ஒரு கம்பி வேலிதான். வந்த அன்றே ஒரு பெண் வெறும் கலனோடு வேலியடியில் வந்து நின்றாள். நஜ்முன் நிஸா என்று பேர் சொன்னாள்.

"அக்கா, தண்ணிப் பவுசர் இன்னும் வரல்ல. ஒரு கலன் தண்ணி அள்ளித் தருவீங்களா? மாமிக்கு வயித்தால போகுது."

இராசமலரின் கிணறு கச்சானில் இறங்குமே தவிர வற்றியதில்லை. ஆனால் ஒருத்திக்கு அள்ளினால் பள்ளிக்கூடமே வாளியோடு வரும், பிறகு தனக்கும் இல்லை குருவிக்கும் இல்லை என்று கணக்குப் போட்டாள். பயம் வந்தால் புத்தி கோணும்.

"எங்கட கிணறும் வத்திப்போச்சு, பிள்ளை," என்றாள்.

"அப்பிடியா. உங்களுக்கும் கஷ்டம்தான்," என்று சொல்லிவிட்டு நஜ்முன் நிஸா திரும்பிப் போனாள்.

பொய்யைச் சொன்னால் மட்டும் போதுமா, அதைச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும். வாளியும் கயிறும் குசினிக்குள் போய்ப் பூட்டில் இருந்தன. கீச்சிடுகிற கிணற்றுக் கப்பிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். விடியற்காலையில், சனம் எழும்ப முன்னர், தனக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சட்டிக்கு மட்டும் ஊற்ற வழியில்லை. வேலிக்கு அப்பாலிருந்து பார்ப்பவர்களுக்கு நிறைந்த சட்டி தெரிந்துவிடுமே.

குருவிகளுக்கு இந்தக் கணக்கு விளங்குமா? புலுனிகள் வந்து சட்டியைச் சுற்றித் தத்தின. கொண்டைக்குருவி விளிம்பில் குந்தி, அலகைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தது. இராசமலர் கதிரையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். உள்ளே இருந்தும் யன்னல் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. மதகை மூடியவனைத் திட்டிய வாய் நினைவுக்கு வந்தபோதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருநாள் காலை படலை திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நஜ்முன் நிஸா நேரே வேப்பமரத்தடிக்குப் போய், குனிந்து, ஒரு போத்தல் தண்ணீரைச் சட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இராசமலர் ஓடிவந்தாள். "என்ன பிள்ளை செய்யிறீர்?"

"பவுசர் வந்திச்சி அக்கா. எங்கட பங்குல கொஞ்சம். இதுகள் வாயத் தொறந்துக்கிட்டு இரிக்கிறதப் பாக்க ஏலாமப் போச்சு."

அவள் விலகி நிற்பதற்குள் கொண்டைக்குருவி இறங்கிவிட்டது. குனிந்து குனிந்து குடித்தது.

இராசமலர் குசினிக்குள் போய் வாளியை எடுத்து வந்து, ஒன்றையும் மறைக்காமல் கிணற்றுக்குள் விட்டாள். 'தொபுக்' என்று விழுந்தது. நிறைவாளி மேலே வந்தது. நஜ்முன் நிஸா அதைப் பார்த்தாள்.

"ஊத்துத் தொறந்திட்டுப் போல அக்கா. அல்லாட கிருபை."

'ஓம்' என்ற சொல் இராசமலரின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். சட்டியில் குருவி இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

"இல்லை, பிள்ளை. தண்ணி எப்பவும் இருந்தது. நான் பொய் சொன்னனான்."

நஜ்முன் நிஸா போத்தலின் மூடியைத் திருகினாள்.

"தெரியும் அக்கா. விடியக்குள்ள வாளி தண்ணியில விழுற சத்தம் எங்களுக்குக் கேக்கும்தானே."

கப்பிக்கு எண்ணெய் விட்டவள் தண்ணீருக்கு எதை விடுவாள்?

"தெரிஞ்சுமோ… தெரிஞ்சும் ஏன் கொண்டுவந்தனீர்?"

"அதுகள் என்ன பாவம் செஞ்சிச்சி, அக்கா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் இராசமலருக்குத் தாங்கவில்லை.

வெறும் போத்தலோடு அவள் படலையைத் தாண்டிப் போனாள். இராசமலர் வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் காலில் தளும்ப, அவள் பின்னால் நடந்தாள். பள்ளிக்கூட வாசலில் இருந்த பெண்கள் எழும்பி வழி விட்டார்கள். ஒருத்தி இருக்கச் சொல்லி ஒரு மர வாங்கை இழுத்துப் போட்டாள். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.