பூசையில் வைத்த ரிவோல்வர்

என் கணவர் வரதராஜாவுக்கு மீன்கடையில் பேரம் பேசத் தெரியாது. குளியலறையில் கரப்பான் பூச்சியைக் கண்டால் என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதர், நாங்கள் குடியேறிய வெள்ளைக்கார நாட்டில், 1978ஆம் ஆண்டு பரமட்டாவில் ஒரு ரிவோல்வர் வாங்கிக்கொண்டு மெரிலேண்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார் என்றால் யார் நம்புவார்கள்?

"லைசென்ஸ் இருக்கு. சுடுற கிளப்பிலயும் சேர்ந்திட்டன். எல்லாம் சட்டப்படிதான்," என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"சட்டத்தை ஆர் கேட்டது? இது ஆரைச் சுடுறதுக்கு?"

பதில் எனக்கே தெரியும். அதற்கு முந்தின வருடம் தமிழருக்கு எதிரான ஆவணிக் கலவரத்தில், கொழும்பில் அவருடைய தம்பி இந்திரகுமாரை நடுத்தெருவில் வைத்து அடித்துக் கொன்றார்கள். "அவன்ர கையில ஒண்டும் இருக்கேல்லை, வதனா," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் ரொன் எங்கள் வேலிக்கு மேலால் பியர்ப் போத்தல் எறிகிறவன், எங்கள் காரில் காறித் துப்புகிறவன். அந்த ரிவோல்வர்த் துவக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவருடைய பார்வை ரொன் வீட்டுப் பக்கமே போனது. அங்கே செத்த தம்பிக்காக இங்கே இவனைக் கொன்றுவிட்டு மனுசன் மறியலில் கம்பி எண்ணப்போகிறார் என்று பயந்தேன்.

வாங்கியதோடு விட்டாரா? அதன் பிடி அவர் கைக்குப் பெரிதாம். குசினி மேசையில் உட்கார்ந்து, புதுப் பிடிக்கென்று ஒரு நல்ல மரக்கட்டையைச் சீவி, அராவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, திரும்பவும் அராவினார். வாரக்கணக்கில் எங்கள் சோற்றில் மரத்தூள். கட்டிய மனைவிக்கு அளவான காப்பு வாங்கத் தெரியாதவர் அந்தச் சனியனுக்கு அப்படி அளவு பார்த்தார். பிறகு என்னுடைய நகப்பூச்சை எடுத்து, குழல் நுனியில் குறி பார்ப்பதற்கென்று இருக்கும் சின்ன மேட்டுக்குச் சிவப்பு அடித்தார்.

"இதென்னத்துக்கு?"

"வெள்ளையில வடிவாத் தெரியும்," என்றார்.

ரொன் எந்நாளும் வெள்ளைப் பெனியன்தான் போடுவான். ரிவோல்வரைக் குண்டு போட்டபடியே அலுமாரியில், என் கூறைச்சேலைக்குக் கீழே வைத்தார். குண்டைக் கழற்றச் சொன்னேன். "அவசரத்துக்கு ஆர் நிண்டு போடுறது?" என்று கேட்டார்.

நவராத்திரி வந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடைசி நாள் வாணி பூசைக்கு அவரவர் தொழிற் சாமான்களை அம்மன் படத்துக்கு முன்னால் வைப்போம். வைத்ததை விசயதசமி விடியற்பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. இதில் இவர் மகா கண்டிப்பு. இங்கே வந்த முதல் வருடம் கார்த் திறப்பைப் பூசையில் வைத்துவிட்டு, சாவியில்லாமல் ரயிலில் வேலைக்குப் போன ஆள்.

"உங்கட ஆயுதத்தையும் கொண்டுவந்து வையுங்கோ. இப்ப அதுதானே உங்கட தொழில்?" என்றேன்.

நான் நக்கலடித்தது அவருக்கு விளங்கவில்லை. பயபக்தியோடு கொண்டுவந்து என் தையல் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நாளை விடியும்வரையாவது ரொன் உயிரோடு இருப்பான், இவர் என்னோடு இருப்பார் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பொழுதுபடும் நேரம் மணியடித்துத் தீபம் காட்டினோம். சாம்பிராணிப் புகை சன்னலால் போயிருக்கும். ரொன் எங்கள் புல்தரையில் வந்து நின்றுகொண்டு, மணியை நிறுத்து, நாறுகிறது, உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று கத்தினான். நல்ல குடிவெறி. இவருடைய கை ரிவோல்வரை நோக்கிப் போனதைக் கண்டேன்.

"விடியத்தான் தொடலாம்," என்றேன்.

"தெரியும்."

கையை இழுத்துக்கொண்டு, வேட்டியும் திருநீறுமாக வெறுங்கையோடு வெளியே போனார். பூசை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று ரொனிடம் தன்மையாக ஆங்கிலத்தில் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். ரொன் அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். பிறகு எட்டி வேட்டியைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தான்.

தெரு பார்க்க, என் கணவர் உள்ளாடையோடு நின்றார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் குனிந்து வேட்டியை எடுக்கப்போக, ரொன் அதன்மேல் சப்பாத்துக்காலை வைத்தான். "பிளீஸ்" என்றார் இவர். அந்த ஒரு சொல்லில் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெறுங்கையோடு அவரை அனுப்பி வைத்தவள் நான்தானே.

அம்மனிடம் உத்தரவு கேட்கவில்லை. கும்பிடவும் இல்லை. ரிவோல்வரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு புல்தரையில் இறங்கி, ரொனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

அவன் காலை எடுத்தான். கைகளை உயர்த்தினான். வாய் கோணி அழத் தொடங்கினான். அது எனக்குப் போதவில்லை. அவன் சாகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"வதனா," என்றார் இவர், குழந்தையிடம் பேசுவதுபோல. "நான் சொல்லுறதைக் கேளும். போன கிழமை அதின்ர விசையையும் இளக்கிப்போட்டன். பட்டாலே வெடிக்கும். விரலை எடும்."

நன்றாகக் கேட்டது. விரலை எடுக்க மனம் வரவில்லை. அவர் அந்தக் கோலத்திலேயே பக்கத்தில் வந்து, என் மணிக்கட்டின் கீழே கையைக் கொடுத்து, குழலை மெல்ல மெல்ல வானத்துக்கு உயர்த்தினார். ரொன் விழுந்தெழும்பி ஓடினான்.

உள்ளே வந்து கதவைப் பூட்டினார். குசினி மேசையில் குண்டுகளைக் கழற்றும்போது ஒன்று கீழே உருண்டது.

"அவன் பொலிசுக்குச் சொல்லுவான். அதுக்கு முதல் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். நீர் சொன்னதுதான் சரி, வதனா. இந்தச் சனியன் வீட்டில வேண்டாம்," என்று விம்மினார்.

இத்தனை நாளும் நான் நேர்த்தி வைத்துக் கேட்ட வார்த்தை அதுதான். குனிந்து, விழுந்த குண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பொலிஸ் வந்திட்டுப் போயிடும். பிறகு அவன் வருவான். திரும்பப் போடுங்கோ," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தபடி, தான் உட்கார்ந்திருந்த கதிரையை என்னைவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.