யார் பக்கத்துப் பெரியவர்?

கியெமின் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம், டிக்கெட் இருந்தால் போதும். ஹோய் ஆன் என்கிற பழைய துறைமுக ஊரில், ஆற்றை ஒட்டிய தெருவில், அவருடைய முன்னோர் பட்டும் லவங்கப்பட்டையும் விற்ற வீடு அது. வெளியூர்க்காரர்கள் வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கியெம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கம் சொல்வார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, வந்த டாக்டரிடம் கூரை ஓட்டின் வயதைச் சொன்னாராம். சொன்னது அவர் மனைவி சுயேன்.

அந்த வீட்டை ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் மூடிவைக்க அனுமதி வாங்கியிருந்தார். மகள் தியெப்பை நிச்சயம் செய்ய, மாப்பிள்ளை ஹாவ் வீட்டார் தாம் கீ என்ற ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் பேசப்போகிறவர் ஹாவின் பெரியப்பா பாக். அரிசி மில் வைத்திருக்கிற மனிதர்.

"அப்பா, அவர் ஏதாவது சொன்னா கோவப்படாதீங்க," என்றாள் தியெப்.

"நான் எப்பம்மா கோவப்பட்டேன்?"

"போன வாரம் ஒருத்தர் தூண்ல சாஞ்சதுக்கு."

"அவன் வெயிலுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தடவியிருந்தான். அது பலா மரத் தூணு."

சிவப்புத் துணி போர்த்திய தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசித் தட்டுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக ஒரு வயதானவர் வந்தார். நிலைப்படியைத் தாண்டியதும் கைகூப்பினார். சுயேன் பதறிப்போய் அவரை முதல் வரிசை நாற்காலியில், பாக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் கூச்சத்தோடு உட்கார்ந்து தேநீர் கேட்டார். பேச்சு சுத்தமான வடக்கத்திப் பேச்சு.

'மாப்பிள்ளைக்கு வடக்குல சொந்தம் இருக்குதுன்னு யாரும் சொல்லலையே' என்று நினைத்துக்கொண்டார் கியெம். பாக்கும் அந்த மனிதரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு இடம் விட்டார். பெண் வீட்டார் முதலில் உட்கார வைத்து உபசரிக்கிறார்கள் என்றால் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. யாரென்று கேட்பது மரியாதையில்லை என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

கியெம் வரவேற்றுப் பேச எழுந்தார். இரவெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு, பாக்கின் முகத்தைப் பார்த்ததும் ஆவியாகிப் போய்விட்டது. கைகள் தாமாகவே பின்னால் போயின.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நீங்க நிக்கிற இந்த வீடு ஏழு தலைமுறை பழசு," என்று ஆரம்பித்தார். யாரும் நிற்கவில்லை. சுயேன் இருமினாள். தான் தடம் மாறியது அவருக்கே தெரிந்தது. அவசரமாக மகள் பக்கம் கையை நீட்டினார். "இது எங்க பொண்ணு தியெப். பூராவும் உள்ளூர் வேலைப்பாடு. இத்தனை வெள்ளத்துக்கும் ஒரு சேதாரம் கிடையாது. போட்டோ எடுத்துக்கலாம். தயவுசெஞ்சு யாரும் தொட வேண்டாம்."

தியெப்பின் விரலைப் பிடிக்கப் போன ஹாவ், சட்டென்று கையைப் பையில் விட்டுக்கொண்டான். தியெப் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கியெமுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வடக்கத்திப் பெரியவர் பலமாகக் கைதட்டினார். அவரே தட்டும்போது நாம் சும்மா இருக்கலாமா என்று பாக்கும் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கல்யாணத் தேதி பேசும்போதுதான் வினை வந்தது.

"பத்தாம் மாசம் வச்சிக்கலாம். ஜோசியர் பார்த்துக் குடுத்த நாளு," என்றார் பாக்.

"சம்பந்தி, அந்த மாசம் ஆறு இந்தக் கூடத்துக்குள்ள இருக்கும். மேசை நாற்காலியெல்லாம் கயிறு கட்டி மாடிக்கு ஏத்திடுவோம். மாப்பிள்ளையையும் அப்படித்தான் ஏத்தணும்."

"நாளை மாத்தினா குடும்பத்துக்கு ஆகாதுன்னாரு ஜோசியர்."

"அப்ப அவரையே படகு தள்ளச் சொல்லுங்க."

பாக்கின் கழுத்து சிவந்தது. தட்டு தூக்கி வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபப்பட வேண்டாம் என்று மகள் சொன்னது கியெமுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாயிலிருந்து போனதைத் திருப்பி அழைக்கவா முடியும்?

வடக்கத்திப் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கனைத்தார். "நான் சொல்லலாமா, கூடாதா தெரியல. ரெண்டாம் மாசத்துல வைங்களேன். மழையும் இருக்காது, வெயிலும் கொளுத்தாது. நீங்க முறைச்சுக்கிறதுல பிள்ளைங்க மூஞ்சி எப்படிப் போச்சு பாருங்க."

பெண் வீட்டுப் பெரியவரே இவ்வளவு பணிவாகக் கேட்கிறார் என்று பாக் இளகினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரே நம் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாரே என்று கியெம் உருகினார். "பெரியவங்க சொல்லிட்டீங்க," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பாக் எழுந்து தம் கையாலேயே அவருக்குத் தேநீர் ஊற்றி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "ரொம்ப நல்லாருந்துச்சுங்க. அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு? என் சம்சாரம் முட்டிவலின்னு எதிர்க்க காப்பிக் கடையில உக்காந்துட்டா. அவளும் பாக்கட்டும்." ஊரின் பழைய வீடுகளுக்கெல்லாம் பொதுவான டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "இதுல இன்னொரு துண்டு கிழிக்கணுமா?" என்றார். பிறகு பாக்கிடம் குனிந்து, "உங்க கோவம்தான் ரொம்பத் தத்ரூபம்," என்று பாராட்டினார்.

அவர் பெயர் வூங், வடக்கே ஹாய் ஃபோங்கில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இது நடிப்பு இல்லை என்று சத்தியமாகத் தெரியாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மனிதர் வியர்த்துப்போய் மன்னிப்புக் கேட்டார். சுயேன் முந்தானை இல்லாத குறையாகத் தேநீர்த் தட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

கியெம் பாக்கைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் வைத்த நாள் செல்லுமா? பாக் இப்போது எழுந்து போனால் யார் தடுப்பது?

பாக் அந்த டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஹாவிடம், "ஏண்டா, இவருக்கு நான் டீ ஊத்திக் குடுத்ததை யாராவது போட்டோ எடுத்தாங்களா?" என்றார்.

"தம்பி எடுத்தான், பெரியப்பா."

"அப்ப ரெண்டாம் மாசம்தான். இதுக்கு மேல மாத்தினா, ஒரு டிக்கெட்டுக்காரர்கிட்ட ஏமாந்தேன்னு ஊரெல்லாம் பேசும். இவரு நம்ம பக்கத்து ஆளுன்னே சொல்லிடுவோம்."

"அதெப்படி சம்பந்தி? உக்கார வச்சது நாங்க," என்றார் கியெம்.

சிரித்தது யார் முதலில் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. தியெப் தெருவைக் கடந்து போய், வாத்தியார் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாமரை விதை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"அரை மணி நேரம் விட்டா என்ன பண்ணி வச்சிருக்கீங்க நீங்க?"